லேபிளில் காலியாக இருக்கும் அந்த ஓர் இடம்

வாசகரின் கடிதம்

ஈரோடு மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து 36 வயது வாசகி எழுதியிருக்கிறார். வேதியியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். ஊரடங்கு நாட்களில் கணவரின் வருமானம் பாதியாகக் குறைந்தபோது, வீட்டுச் சமையலறையில் தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கொண்டு சோப்பு செய்யத் தொடங்கியவர். குப்பைமேனி சோப்பு, நலங்கு மாவு, செம்பருத்தி கூந்தல் தைலம், லிப் பாம் என்று இன்று அவர் கையால் நான்கு பொருட்கள் தயாராகின்றன. ஐந்தாவதாக ஒரு 'நைட் கிரீம்' இருக்கிறது. அதை அவர் செய்வதில்லை. மொத்த வியாபாரி ஒருவரிடம் கிலோ கணக்கில் வாங்கி, சிறு டப்பாக்களில் அடைத்து, தன் பெயரை ஒட்டி விற்கிறார். ஐந்தில் அதுதான் அதிகம் விற்கிறதாம்.

கோவையிலுள்ள ஒரு பல்பொருள் அங்காடி 500 சோப்பு கேட்டிருக்கிறது. மாதிரியைக் கையில் வாங்கிய கொள்முதல் அலுவலர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லைசன்ஸ் நம்பர் எங்கே அம்மா?" என்று கேட்டிருக்கிறார். லேபிள் அச்சிடுபவரிடம் இதைச் சொன்னால், "ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார். இதற்கிடையில் லண்டனிலிருக்கும் நாத்தனார், அங்குள்ள கோயில் திருவிழாவில் கடை போட 200 சோப்பு அனுப்பச் சொல்கிறார். சேலத்தில் ஒரு வாடிக்கையாளர் முகம் சிவந்து தடித்த படத்தை அனுப்பி, 50,000 ரூபாய் தராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்கிறார்.

இயற்கைப் பொருளுக்கு உரிமம் எதற்கு, உத்யம் பதிவும் டிரேட்மார்க் விண்ணப்பமும் போதாதா, 'தேமல், படை குணமாகும்' என்று எழுதலாமா, லண்டனுக்கு அனுப்பலாமா, சேலத்துக்கு என்ன பதில் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

ஆலோசனை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறு பக்கக் கடிதத்தில் நைட் கிரீமைப் பற்றி நீங்கள் எழுதியது மூன்று வரிதான். எனக்கோ அந்த மூன்று வரிதான் பெரிய கவலையைத் தந்தது. ஆகவே நீங்கள் கேட்ட வரிசையை விட்டுவிட்டு அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கிரீமை இன்றே நிறுத்துங்கள்

கிலோ கணக்கில் வந்த அந்த டின்னில் தயாரித்தவர் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, சேர்மானப் பட்டியல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'ஒரே வாரத்தில் பளிச்சென்று தெரிகிறது' என்று வாடிக்கையாளர்கள் மகிழ்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேதியியல் படித்த உங்களிடம் கேட்கிறேன்: ஒரு வாரத்தில் தோலின் நிறத்தை மாற்றக்கூடிய பொருள் எதுவாக இருக்கும்? பாதரசமாக இருக்கலாம், ஸ்டீராய்டாக இருக்கலாம். இல்லை என்று சொல்ல உங்கள் கையில் ஒரு தாள் கூடக் கிடையாது.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், 2021 நடுப்பகுதி முதல் 2023 வரை, ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஒரு மருத்துவமனையின் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது. இந்தியாவில் அழகுசாதனப் பொருளில் பாதரசம் சேர்ப்பதற்கே தடை இருக்கிறது. தற்செயலாகக் கலந்திருந்தாலும் பொதுவாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

'நான் வாங்கித்தானே விற்றேன், உள்ளே இருப்பது எனக்கு எப்படித் தெரியும்' என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்காது. பொருளின் தன்மையோ தரமோ தெரியாமல் விற்றேன் என்பதை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது என்று மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 19ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. டப்பாவில் உங்கள் பெயர் மட்டுமே இருப்பதால் முதலில் தேடப்படுபவரும் நீங்கள்தான். மிச்சமிருக்கும் கிரீமை விற்காதீர்கள், இலவசமாகவும் கொடுக்காதீர்கள், சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். டின்னை மூடி, தேதி எழுதித் தனியாக வையுங்கள். வாங்கிய ரசீது, வியாபாரியின் போன் எண், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று அதிகாரி கேட்டால் சொல்ல வேண்டிய கடமை 18ஏ பிரிவின்படி உங்களுக்கு இருக்கிறது. இதுவரை வாங்கியவர்களுக்கு, 'இந்தக் கிரீமைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன்' என்று தகவல் அனுப்புங்கள். கையிலிருந்து பணம் போகும், தெரியும். ஆனாலும் அனுப்புங்கள்.

வீட்டில் செய்தால் உரிமம் வேண்டாமா?

இனி உங்கள் கையால் செய்யும் பொருட்கள். 'இரசாயனம் கலக்காத இயற்கைப் பொருள், வீட்டுத் தயாரிப்பு, ஆகவே உரிமம் தேவையில்லை' என்று குழுக்களில் படித்ததாகச் சொல்கிறீர்கள். இப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்கள் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஒரு பொருளை எதிலிருந்து செய்தீர்கள் என்று பார்ப்பதில்லை, எதற்காகப் பூசுகிறார்கள் என்று பார்க்கிறது. சுத்தப்படுத்த, அழகுபடுத்த, தோற்றத்தை மாற்ற உடலில் தேய்க்கும், ஊற்றும், தூவும், தெளிக்கும் பொருள் எல்லாமே அழகுசாதனப் பொருள்தான். உங்கள் நலங்கு மாவும் அதில் அடங்கும். சோப்பு ஒரு காலத்தில் இந்த வரையறைக்கு வெளியே இருந்தது. 1982இல் செய்த திருத்தத்தில் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். பழைய விலக்கின் நினைவுதான் இன்னும் வாய்மொழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதோ என்று நான் நினைப்பதுண்டு.

விற்பனைக்காகத் தயாரிக்க, அழகுசாதனப் பொருட்கள் விதிகள், 2020இன்படி மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். உத்யம் பதிவு உங்களைக் குறுந்தொழில் செய்பவராக அரசுக் கணக்கில் சேர்க்கிறது. டிரேட்மார்க் உங்கள் பெயரைக் காக்கிறது. இரண்டும் நல்லவைதான், இருக்கட்டும். உள்ளே இருக்கும் பொருளைத் தயாரிக்கும் உரிமையை இரண்டும் தருவதில்லை. 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவில் தடை செய்யப்பட்டவற்றைப் படித்துப் பாருங்கள்: தயாரிப்பது, விற்பது, இருப்பு வைப்பது, காட்சிக்கு வைப்பது, விற்க முன்வருவது, விநியோகிப்பது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போடக் கொடுத்த சோப்பும் விநியோகம்தான். கைப்பேசியில் படம் போட்டு விலை எழுதுவதும் விற்க முன்வருவதுதான். உங்கள் குடும்பம் குளிக்கச் செய்துகொள்வதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

கொள்முதல் அலுவலர் உங்களை அவமானப்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள். அழகுசாதனப் பொருளைக் கடையில் விற்கத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் உரிமம் பெற்றவர் தயாரித்ததைத்தான் விற்க வேண்டும். உங்கள் சோப்பை அடுக்கில் வைத்திருந்தால் அவரும் மாட்டியிருப்பார். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

அச்சகத்தார் சொன்ன யோசனை

லேபிளில் காலியாக இருக்கும் அந்த இடத்தில் 'ஏதாவது ஒரு நம்பர்' போடும் யோசனையை மனத்தாலும் நினைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் செய்வது ஒரு தவறு. இன்னொரு நிறுவனத்தின் உரிம எண்ணைப் போட்டு, அவர்கள் தயாரித்தது போலக் காட்டினாலோ, இல்லாத தயாரிப்பாளர் ஒருவரின் பெயரைப் போட்டாலோ, அது 17டி பிரிவின்படி போலிப் பொருளாகிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது 50,000 ரூபாய் அல்லது பறிமுதலான பொருளின் மதிப்பைப் போல மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அந்த அபராதமும் உண்டு. மோசடி வழக்கு வேறு சேரலாம். அறியாமல் செய்த தவறைச் சரிசெய்யப் பல வழிகள் இருக்கின்றன. எண்ணைத் திருடி அச்சடித்துவிட்டால், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல உங்களுக்காக வாதாடும் வழக்கறிஞருக்கும் வாய் வராது.

உங்கள் முன் உள்ள வழிகள்

சொந்தமாக உரிமம் வாங்குவது முதல் வழி. சிஓஎஸ்-5 என்ற படிவத்தில் மாநில உரிம அதிகாரிக்கு விண்ணப்பித்தால், சிஓஎஸ்-8 படிவத்தில் உரிமம் வரும். தடையாக நிற்பது இடம்தான். தயாரிப்பிடம் குடியிருப்பாக இருக்கக்கூடாது, குடியிருப்போடு இணைந்தும் இருக்கக்கூடாது. சுவர் ஆறடி உயரம் வரை வழவழப்பாக, நீர் ஊறாததாக, கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். கிரீம், கூந்தல் எண்ணெய் வகைகளுக்கு 25 சதுர மீட்டரும், சிறிய அளவில் சோப்பு செய்ய 100 சதுர மீட்டரும் பரிந்துரைக்கப்பட்ட பரப்பு. அதாவது சோப்புக்கு ஏறத்தாழ 1,076 சதுர அடி. சமையலறையில் இது நடக்காது. உங்கள் தந்தையின் பழைய நெல் குடோன் சும்மா கிடப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை அளந்து பாருங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இதில் இருக்கிறது. மாதம் சம்பளம் கொடுத்து ஒரு மருந்தாளுநரை வைக்க வேண்டும் என்று பயந்திருக்கிறீர்கள். தயாரிப்பு, தகுதியுள்ள ஒரு முழுநேரப் பணியாளரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் வேதியியலை ஒரு பாடமாகக் கொண்டு 'இன்டர்மீடியட்' தேர்வில் (ஏறத்தாழ இன்றைய பிளஸ் டூ) தேறியதையே விதி ஒரு தகுதியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நீங்கள் பட்டமே பெற்றவர். சான்றிதழ்களோடு சென்று, உங்களையே அந்தப் பொறுப்பில் காட்ட முடியுமா என்று உங்கள் பகுதி மருந்து கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். தரகர் யாரையும் கூட்டிப் போகாதீர்கள்.

இரண்டாவது வழி, உரிமம் பெற்ற தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பயன்படுத்தி உங்கள் பெயரில் தயாரிக்க 'லோன் லைசன்ஸ்' வாங்குவது. பெயரைப் பார்த்து வங்கிக் கடன் என்று நினைத்துவிடாதீர்கள். படிவம் சிஓஎஸ்-6, கிடைப்பது சிஓஎஸ்-9.

மூன்றாவதாக, தொழிலில் 'தேர்டு பார்ட்டி' என்று சொல்வார்களே, அது. உரிமம் உள்ள தொழிற்சாலை உங்களுக்காகச் செய்து தரும், நீங்கள் உங்கள் பெயரில் விற்பீர்கள். லேபிளில் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிம எண்ணோடு, விற்பனை செய்பவராக உங்கள் பெயர் இருக்கும். 500 சோப்பு ஆர்டர் கையில் இருக்கும் இந்த நேரத்தில் உங்களுக்கு ஏற்றது இதுதான் என்பது என் கருத்து. குடோன் தயாராகும் வரை பெயர் சந்தையில் நிற்கும். உங்கள் கை மணம் அதில் இருக்குமா என்றால், முழுதாக இருக்காது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

இந்த வழியில் போனால் கையெழுத்திடும் முன் அவர்களுடைய உரிமத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். உரிமம் இருப்பது மட்டும் போதாது, உங்கள் பொருள் அதன் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். செய்முறை உங்களுக்கே சொந்தம், வேறு யாருக்கும் அதைச் செய்து தரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். சோப்புக்கும் கூந்தல் எண்ணெய்க்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலைகள் உண்டு. குளியல் சோப்புக்கு ஐ.எஸ். 2888, கூந்தல் எண்ணெய்க்கு ஐ.எஸ். 7123. அறிக்கையில் அந்த எண் இருக்க வேண்டும்.

லேபிளில் என்ன இருக்க வேண்டும்?

நீங்கள் அனுப்பிய லேபிள் என் மேசைமேல் இருக்கிறது. குப்பைமேனி இலை வரைந்து, முழுவதும் தமிழில், மிக அழகாக இருக்கிறது. இரண்டு சட்டங்களின் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும்.

அழகுசாதன விதிகள் கேட்பவை: பொருளின் பெயர், தயாரித்தவரின் பெயரும் தயாரித்த இடத்தின் முழு முகவரியும், எந்த மாதம் எந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, பேட்ச் எண், உற்பத்தி உரிம எண், நிகர அளவு, சேர்மானப் பட்டியல். சோப்புக்குப் பேட்ச் எண்ணுக்குப் பதிலாகத் தயாரித்த மாதமும் ஆண்டும் போதும். சேர்மானப் பட்டியலில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் உள்ளவற்றை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்குவரிசையில் எழுத வேண்டும், மற்றவை அதன்பின் எந்த வரிசையிலும் வரலாம். உங்கள் லேபிளில் குப்பைமேனி முதலிலும் தேங்காய் எண்ணெய் கடைசியிலும் இருக்கிறது. நீங்கள் எழுதிய செய்முறைப்படி பார்த்தால் தலைகீழாக இருக்க வேண்டும். 30 கிராமுக்குக் குறைந்த திடப் பொருளுக்கும் 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் சேர்மானப் பட்டியலில் விலக்கு உண்டு. உங்கள் எட்டு கிராம் லிப் பாம் அதில் தப்பும். இருந்தாலும் எழுதுங்கள். தேன்மெழுகோ பாதாம் எண்ணெயோ ஒத்துக்கொள்ளாதவர் அதைப் படித்துத்தான் தன்னைக் காத்துக்கொள்ள முடியும்.

இன்னொன்று, சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011. அனைத்து வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், குறை சொல்லத் தொடர்பு கொள்ளவேண்டியவரின் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை வேண்டும். ஓர் அலகின் விலையும் வேண்டும். 100 கிராம் சோப்பு 120 ரூபாய் என்றால் ஒரு கிராம் 1 ரூபாய் 20 காசு என்று. இந்த விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கிறது விதி. தமிழில் மட்டும் எழுதினால் ஏற்கமாட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, உங்கள் சோப்பை வாங்கும் பாட்டிக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். ஆனால் இன்றைய விதி இதுதான். ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, கூடவே தமிழிலும் எழுதுங்கள், அதற்குத் தடை இல்லை. பொட்டலமிடுபவர் தொழிலைத் தொடங்கிய 90 நாட்களுக்குள் தன் பெயரையும் முகவரியையும் பதிவு செய்யவும் வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது.

எடையில் ஒரு நுணுக்கம். அச்சிலிருந்து எடுத்த அன்று 100 கிராம் இருக்கும் சோப்பு, நாலைந்து வாரம் உலர்ந்த பிறகு ஈரம் போய் 90க்கு அருகில் வந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அச்சில் ஊற்றிய எடையை லேபிளில் போட்டால் அது எடைக் குறைவு. நன்றாக உலர்ந்தபின், பொட்டலமிடும் நாளில் நிறுத்து, அந்த எடையை எழுதுங்கள். சோப்புக்கு 'பொட்டலமிட்டபோது உள்ள எடை' என்று குறிப்பிட விதியே அனுமதிக்கிறது.

'தேமல், படை குணமாகும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். நோயைக் குணமாக்கும் என்று சொன்ன அந்த நொடியில் உங்கள் சோப்பு அழகுசாதனப் பொருளின் எல்லையைத் தாண்டி மருந்தாகிறது. குப்பைமேனியின் குணம் நம் பாட்டிமார் அறிந்ததுதானே என்பீர்கள். அறிந்ததுதான். அந்தக் குணத்தைச் சொல்லி விற்க விரும்பினால் சித்த மருந்துக்கான உரிமம் என்று தனி வழி இருக்கிறது. அதன் அதிகாரிகள் வேறு, தகுதிகள் வேறு. இப்போதைக்கு 'குப்பைமேனி இலைச் சாறு சேர்த்த குளியல் சோப்பு' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். '100 சதவீதம் கெமிக்கல் இல்லை' என்பதும் வேண்டாம். காஸ்டிக் சோடா இல்லாமல் உங்கள் சோப்பு உருவாகாது என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. தவறான வழியில் எண்ண வைக்கும் எந்த வாசகம் லேபிளில் இருந்தாலும், 17சி பிரிவின்படி அது பிழையான முத்திரையிட்ட பொருள்.

லண்டனுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். இதில் ஆபத்து உங்களைவிட உங்கள் நாத்தனாருக்குத்தான் அதிகம். பிரிட்டனில் நம் நாட்டைப் போன்ற தயாரிப்பு உரிமம் கிடையாது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் அந்நாட்டு முகவரியோடு ஒரு 'பொறுப்பு நபர்' இருந்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து சந்தையில் வைப்பவர், எழுத்துமூலம் வேறொருவரை நியமிக்காத வரை, தானே அந்தப் பொறுப்பு நபர். பெட்டியில் 200 சோப்பு கொண்டுவந்து கோயில் திருவிழாவில் விற்றாலும் அப்படித்தான்.

விற்பனைக்கு முன், தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் அந்தச் செய்முறையை ஆராய்ந்து பாதுகாப்பு அறிக்கை தர வேண்டும். அதுவும் பிற ஆவணங்களும் அடங்கிய கோப்பைக் கடைசி பேட்ச் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிறகு அரசின் இணையத் தளத்தில் பொருளை அறிவிக்க வேண்டும். அறிவிப்புக்குக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் அந்தப் பாதுகாப்பு அறிக்கைக்குத்தான். லேபிளிலும் வேறுபாடு உண்டு. சேர்மானங்களைப் பன்னாட்டுப் பெயரில் எழுத வேண்டும், தேங்காய் எண்ணெய் என்றால் 'கோகோஸ் நுசிஃபெரா ஆயில்'. உங்கள் எலுமிச்சைப்புல் எண்ணெயில் இருக்கும் சிட்ரால், லிமோனீன் போன்ற ஒவ்வாமைப் பொருட்கள், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். வட அயர்லாந்தில் இன்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளே நடக்கின்றன.

நாத்தனார் மனம் கோணும் என்று பயப்படுகிறீர்கள். 'அண்ணி தர மறுத்துவிட்டார்' என்ற பேச்சு வராதபடி, மேலே உள்ள இரண்டு பத்திகளை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் உண்மையிலேயே வியாபாரம் செய்ய விரும்பினால் ஒரே ஒரு சோப்பைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள மதிப்பீட்டாளரிடம் விலை கேட்டுச் சொல்லட்டும்.

சேலத்து வாடிக்கையாளர்

நீங்கள் பேசாமல் இருந்தால் அவரும் ஓய்ந்துவிடுவார் என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஓய மாட்டார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் ஏற்பட்ட தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பில் குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை எழுதாமல் விட்டிருந்தாலும் அது பொருந்தும். புகார் கொடுக்க அவருக்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அவர் கேட்கும் 50,000 ரூபாய் அப்படியே கிடைத்துவிடும் என்றும் அர்த்தமில்லை. சோப்பால்தான் வந்தது என்பதை அவர் காட்ட வேண்டும், மருத்துவச் சான்றும் செலவும் வேண்டும். ஆனால் ஆணையத்தின் முன் நிற்கும்போது உங்கள் லேபிளில் உரிம எண்ணோ, தயாரித்த மாதமோ, எச்சரிக்கையோ இல்லை என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

இன்னொரு விஷயமும் உங்களிடம் கேட்க வேண்டும். அவர் சோப்பு மட்டும்தான் வாங்கினாரா, நைட் கிரீமும் வாங்கினாரா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. கிரீமும் வாங்கியிருந்தால் அதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள், தோல் மருத்துவரிடமும் சொல்லச் சொல்லுங்கள். சரியான சிகிச்சைக்கு அந்தத் தகவல் வேண்டும்.

சோப்பு செய்த நாளில் நீங்கள் எழுதிய பள்ளி நோட்டின் பக்கத்தைப் படம் அனுப்பியிருந்தீர்கள். எண்ணெய் எத்தனை கிராம், காஸ்டிக் எத்தனை, தண்ணீர் எத்தனை, எத்தனை கட்டி, எந்தத் தேதியில் வெட்டினேன் என்று நீல மையில் வரிசையாக இருக்கிறது. அந்த நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். அவருக்குப் போன சோப்பு எந்த நாளில் செய்தது என்று கண்டுபிடித்து, அதே நாளின் கட்டி மீதமிருந்தால் தனியே எடுத்து வையுங்கள். பழைய செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

பிறகு இன்று மாலையே அவருக்குப் போன் செய்யுங்கள். பணத்தைப் பற்றிய பேச்சைத் தொடங்காதீர்கள். இப்போது முகம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சோப்பை நிறுத்திவிட்டாரா, மருத்துவரைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போகச் சொல்லி, அந்தச் செலவை நீங்கள் தருவதாகச் சொல்லுங்கள். பேசியதை அன்றிரவே ஒரு செய்தியாக எழுதி அவருக்கு அனுப்புங்கள். செலவைத் தருவது அக்கறையால் என்றும், தவறை ஒப்புக்கொள்வதாக ஆகாது என்றும் அதில் ஒரு வரி இருக்கட்டும். மருத்துவர் என்ன சொன்னார் என்று தெரிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். இழப்பீட்டுத் தொகையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.